வள்ளக்காரனை முன்னுக்கு இருத்திய கட்டம்

ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிட்டால் நீங்கள் வேறு யாரிடமும் விசாரிக்கத் தேவையில்லை. அந்தப் படிப்பை வைத்துக்கொண்டு மன்னார்த் தீவின் வள்ளங்களுக்குப் பெயர் எழுதினேன். ஒரு காலத்தில் தென்கரையில் என் எழுத்தைச் சுமக்காத வள்ளத்தைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். தவக்காலத்துப் பாடுகளின் நாடகத்துக்கு, மாப் பைகளையும் கிழங்குச் சாக்குகளையும் தைத்து அதில் எருசலேம் நகரத்தை நிமிர்த்தி நிறுத்தினேன். இடம்பெயர்ந்து கிடந்தபோது தகரக் கொட்டிலுக்குள் படம் கீறும் வகுப்பு நடத்தினேன். தூரிகை கிடையாது, கரித்துண்டுதான். திரும்பி வந்து, கூரையில்லாத கடையொன்றில் ஸ்டூடியோ போட்டேன். கண்ணிவெடி, டெங்கு, கடற்பாதுகாப்பு என்று இந்தப் பக்கத்தில் எடுத்த விழிப்புணர்வுப் படங்களில் பாதிக்கு மேல் முதலில் என் கொப்பியில்தான் பிறந்தன. அறுபத்து மூன்று வயதில் கணினி பழகினேன். அறுபத்தாறில் ஸ்டோரிபோர்ட் மென்பொருள். இவ்வளவையும் எனக்கு யாரும் தூக்கித் தரவில்லை.

இந்தத் தொழிலுக்கு இப்போது வந்திருக்கிற தம்பி தங்கச்சிமாருக்கு ஸ்டோரிபோர்ட் என்றால் என்னவென்று நான் விளக்கத் தேவையில்லை. ஆனாலும் உங்கள் வீட்டாரும் இதை வாசிக்கக்கூடும் என்பதால் சொல்கிறேன். திரைக்கதையில் எழுத்தாக இருப்பதை, கமராவைத் தூக்குவதற்கு முன்பே கட்டம் கட்டமாகக் கீறி வைப்பது. யார் எங்கே நிற்பது, கமரா எங்கிருந்து பார்ப்பது, முகம் எந்தப் பக்கம் என்பதெல்லாம் அதில் இருக்கும். படப்பிடிப்பு அன்று எல்லோரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள். நான் சொல்லப்போகும் கதையும் அங்கேதான் இருக்கிறது. எல்லோரும் அந்தக் கட்டத்தைப் பார்த்துத்தான் வேலை செய்வார்கள்.

எழுத்தைப் போட்டால் தானே படம் கீறித் தரும் இந்த மென்பொருளை முதன்முதலில் எனக்குக் காட்டியது ஸஹ்ரா. எருக்கலம்பிட்டிப் பிள்ளை, புத்தளத்தில் பிறந்து, தாய் தகப்பனோடு ஊருக்குத் திரும்பி வந்தவள், ஆசிரியை. குறும்படம் எடுக்க வேண்டும் என்ற வெறி அவளுக்கு. தன் திரைக்கதையில் ஒரு பக்கத்தை எடுத்து உள்ளே போட்டாள். "கருவாடு காயும் பந்தலுக்குக் கீழே ஒரு பெண் குந்தியிருக்கிறாள். காகம் வருகிறது. அவள் அசையவில்லை." அவ்வளவுதான் எழுத்து. நான் கையில் எடுத்த தேத்தண்ணி ஆறவில்லை, பன்னிரண்டு கட்டம் வந்துவிட்டது.

நான் நாற்பது வருடமாக நிலத்தில் நின்று, நின்ற உயரத்திலிருந்து பார்த்துக் கீறியவன். மென்பொருள் காகத்தின் முதுகிலிருந்து பார்த்தது. கருவாட்டின் இடைவெளிக்குள்ளால் அந்தப் பெண்ணின் ஒரு கண்ணை மட்டும் காட்டியது. அவளுடைய நிழலை அவளுக்கு முன்னாலே படுக்கப்போட்டு, காகத்தை அந்த நிழலின் தலையில் இறக்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், கோயிலில் நற்கருணை தூக்கும்போது வருகிற மாதிரி உடம்பில் ஒரு புல்லரிப்பு வந்தது. கைகால் இல்லாத ஒன்று, கருவாடு மணக்காத ஒன்று, இதை எங்கிருந்து கண்டது?

"அங்கிள், வாயை மூடுங்கோ. இலையான் போகப் போகுது" என்றாள் ஸஹ்ரா.

"போகட்டும் பிள்ளை. இன்னொருக்காப் போடு."

அன்றிலிருந்து அவளுடைய படத்துக்கு ஸ்டோரிபோர்ட் என் பொறுப்பு. அவள் எழுத்தைத் தருவாள். நான் அதை உடைத்து, மென்பொருளுக்கு விளங்கும் மாதிரிச் சொல்லி, வருகிற கட்டங்களில் நல்லதைப் பிடித்து, கெட்டதைத் தள்ளி, திருத்தி அடுக்குவேன். அந்த வேலையில் என்னை விஞ்ச ஆளில்லை என்று நினைத்தேன். இப்போதும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனால் ஏழாம் கட்டத்தில் தவறினேன்.

ஏழாம் கட்டத்துக்கு ஸஹ்ரா எழுதியிருந்தது இது: "அவன் வள்ளத்தை ஓட்டுகிறான். முகத்தில் காற்று அடிக்கிறது." மென்பொருள் கீறிய வள்ளத்தில் வள்ளக்காரன் முன்பக்கத்தில், அணியத்தில் இருந்தான். நெஞ்சை நிமிர்த்தி, கடலைப் பார்த்தபடி. முகத்தில் அருமையான வெளிச்சம்.

எங்கள் வள்ளத்தில் எஞ்சின் பின்னால் பூட்டியிருக்கும். ஓட்டுகிறவன் அதற்குப் பக்கத்தில் குந்தி, ஒரு கையை எஞ்சின் பிடியில் வைத்துத் திருப்புவான். நடக்கப் பழகிய பிள்ளைக்கும் இது தெரியும். எனக்கும் தெரிந்தது. பார்த்துச் சிரித்தேன்.

"பஸ் டிரைவரைப் போல முன்னுக்கு இருத்தி வச்சிருக்கு!"

"மாத்தட்டா அங்கிள்?"

"விடு பிள்ளை. முகம் வடிவா விழுந்திருக்கு. எங்க இருக்கிறதெண்டு சூசைக்குத் தெரியாதோ?"

என் வாயால் சொன்ன வார்த்தை அது. கட்டத்தை அச்செடுத்துக் கொடுத்தோம்.

சூசை எங்கள் படத்தின் வள்ளக்காரன். நடிகன் அல்ல, உண்மையான மீனவன். என்னிலும் பத்துப் பன்னிரண்டு வயது இளையவன். கமரா கஜனுடையது. அடம்பனில் வயல்காரக் குடும்பத்துப் பிள்ளை. முப்பதை எட்டுகிற வயது. கல்யாண வீடுகளுக்குப் படம் எடுத்துப் பெயர் வாங்கியவன். குளத்தில் நீந்துவான். கடலில் அன்றுதான் முதன்முதலாகப் போனான்.

வாடைக் காலம், தென்கடல் எங்களுக்கு ஓடத் தோதான காலம். காலையில் நடுக்குடாக் கரையிலிருந்து இருவரும் புறப்பட்டார்கள். உயிர்காப்பு அங்கி ஒன்றுதான் வள்ளத்தில் இருந்தது. சூசை அதைக் கஜனுக்குப் போட்டுவிட்டு, "வயல் ஆள் நனைஞ்சா முளைச்சிடுவார்" என்று பகிடி விட்டான். வள்ளம் நேரே வெளியே போனது. கண்ணுக்கு எட்டும் வரை பார்த்தோம். பிறகு எந்தப் பக்கம் திரும்பியது என்று கரையில் நின்ற எவருக்கும் தெரியாது. வானம் மூடிக் கிடந்தது. வெயில் என்று ஒரு கீற்றுக்கூட இல்லை.

வெயில் ஏறியிருக்க வேண்டிய நேரத்தில், தொழிலுக்குப் போன இன்னொரு வள்ளம் அந்த வள்ளத்தைக் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. எங்கள் கரைக்கு நேரே வெளியே, எண்ணெய் முடிந்து மிதந்துகொண்டிருந்ததாம். உள்ளே கஜன் மட்டும்.

அவனைத் தூக்கி மணலில் இருத்தினோம். பல் அடிக்கிறது, பேச்சு வரவில்லை. சூசை விழுந்துவிட்டான் என்பது மட்டும் விளங்கியது. மற்றது பிறகுதான் தெரிந்தது: பிடி விட்ட எஞ்சின் வள்ளத்தை இழுத்துக்கொண்டு போய்விட்டது. இவன் பாய்ந்து பிடியைப் பிடித்து, எங்கெங்கோ சுற்றி, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தேடி, திசை கெட்டுப் போனான்.

பீரிஸ் சம்மாட்டி வந்தார். அந்தக் கரையின் வள்ளங்களில் பாதி அவருடையது. ஆபத்தென்றால் அவர் சொல்லுக்குத்தான் எல்லோரும் இறங்குவார்கள். அன்று கரையில் நின்றவை நான்கு வள்ளம். மற்றவை தொழிலில்.

"எந்தப் பக்கம் தம்பி ஓடினியள்? தலைமன்னார்ப் பக்கமோ, தாழ்வுபாட்டுப் பக்கமோ?"

"தெரியாது... தெரியாது ஐயா... முகத்தைப் பாத்துக் கொண்டிருந்தன்... காத்தாடி... இந்தக் கை..."

இடக்கையைத் தூக்கினான்.

அந்த நேரத்தில் எனக்கு ஒரு யோசனை வந்தது. இன்றைக்கும் அது நல்ல யோசனைதான் என்று சொல்வேன். "பிள்ளை, அவன் சொல்றதை அப்பிடியே உள்ளுக்குப் போடு" என்றேன். ஸஹ்ரா மணலில் குந்தி, மடியில் கணினியை வைத்து, அவன் உளறிய துண்டுகளைத் தட்டினாள். வள்ளம். ஓட்டுகிறவரின் முகம். பார்த்துக்கொண்டிருக்கிறான். இடக்கைப் பக்கம் காற்றாலைகள். ஓட்டுகிறவர் எழும்புகிறார். விழுகிறார்.

ஆறு கட்டம் வந்தது. சுற்றி நின்ற சனம் கணினியை எட்டிப் பார்த்தது. நான்கு பேர் கேட்டும் வராத கதை, அந்தக் கண்ணாடிக்குள் வள்ளமும் கடலும் மனிதருமாக எழும்பி நின்றது. சிலர் சிலுவை போட்டார்கள்.

முதல் கட்டத்தில் வள்ளம் அழகாக ஓடுகிறது. இடப்பக்கம் காற்றாலைகள் வரிசையாக. பீரிஸ் ஒரு தரம்தான் பார்த்தார்.

"படத்திலயே கிடக்குதே! இடப்பக்கம் காத்தாடியெண்டா தாழ்வுபாட்டுப் பக்கம்தான் ஓடியிருக்கினம். இறக்குங்கோடா!"

அவர் சொன்ன கணக்கு இதுதான். எங்கள் தென்கரை நெடுகக் காற்றாலைகள் தரையில் நிற்கின்றன. கடலில் கரையோடு ஓடும்போது அவை உங்கள் இடப்பக்கம் நின்றால் தாழ்வுபாட்டுப் பக்கம் போகிறீர்கள். வலப்பக்கம் நின்றால் தலைமன்னார்ப் பக்கம். மூன்று வள்ளம் தாழ்வுபாட்டுப் பக்கம் பறந்தன. கடற்படைக்கும் அந்தப் பக்கம் என்றே அறிவித்தார்கள். நான் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றேன். என் மெசின் சொன்னது என்று.

நான்காவது வள்ளத்துக்கு எண்ணெய் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். அப்போது கஜன் கணினியையே பார்த்துக்கொண்டிருந்ததைக் கண்டேன். நடுக்கம் நின்றிருந்தது. நெற்றியைச் சுருக்கி, கணக்குப் பிழைத்த பிள்ளையைப் போலப் பார்த்தான்.

"இப்பிடி இல்லை" என்றான்.

முழுசாக வந்த முதல் வசனம் அது.

"எது இல்லை?"

"எஞ்சின். எஞ்சின் அவருக்குப் பக்கத்தில இருந்தது. இதில தூர இருக்கு."

குனிந்து பார்த்தேன். ஏழாம் கட்டத்தில் செய்ததையே மென்பொருள் மறுபடியும் செய்திருந்தது. ஓட்டுகிறவனை அணியத்தில் இருத்தி, கஜனை அவனுக்கு எதிரே, முன்பக்கம் பார்த்தபடி இருத்தியிருந்தது. எஞ்சின் யாருமில்லாமல் பின்னால் கிடந்தது. அதைத்தான் நாங்கள் எல்லோரும் பார்த்துத் தலையாட்டினோம். கரையிலே பிறந்த நாங்கள். வந்த படத்தின் வடிவு அப்படி!

நான் குதிக்காலால் மணலில் ஒரு வள்ளம் கீறினேன். "இதுக்குள்ள இரு. அப்ப வள்ளத்தில இருந்த மாதிரி இரு. சூசையின்ர முகத்தைப் பார். இடக்கையைக் காத்தாடிக்கு நீட்டு."

காற்றாலைகள் எங்களுக்குப் பின்னால், தரைப் பக்கம் உண்மையாகவே சுற்றிக்கொண்டிருந்தன. கஜன் கோட்டுக்குள் இறங்கி, ஒரு தரம் திரும்பி, இன்னொரு தரம் திரும்பி, இருந்தான். சூசை இருந்த பின்பக்கத்தைப் பார்த்து இருந்தான். இடக்கை காற்றாலைகளை நோக்கி நீண்டது. அவன் முகம் தாழ்வுபாட்டுப் பக்கம். முதுகு தலைமன்னார்ப் பக்கம்.

வள்ளம் போனது முதுகுப் பக்கம்.

நான் பீரிஸிடம் ஓடினேன். "பீரிஸ், வள்ளங்களைத் திருப்புங்கோ. தலைமன்னார்ப் பக்கம்."

"என்ன அண்ணை கதைக்கிறியள்? உங்கட மெசின்தானே கீறினது?"

"மெசினுக்கு எங்கட வள்ளம் தெரியாது."

"இப்பதான் தெரியாதோ? மூண்டையும் திருப்பிப்போட்டு, நீங்கள் சொல்றது பிழைச்சா? அந்தாள் அங்கால கிடந்தா?"

சூசையின் மனைவி பிலோமினா அதுவரை வள்ளத்து விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "சந்தியோகு அண்ணை, வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள். அழவில்லை, கத்தவில்லை. அந்தக் குரலுக்கு முன்னால் நான் கட்டிய எதுவும் எனக்குத் துணைக்கு வரவில்லை.

இரண்டு தரம் திசை மாற்ற நேரமில்லை. கஜனிடம் இன்னும் ஒன்று கேட்க வேண்டியிருந்தது. அவன் உண்மையாகவே பின்பக்கம் பார்த்து இருந்தானா, அல்லது நான் மணலில் கீறிக் காட்டியதால் அப்படி நினைக்கிறானா? பயந்தவனின் நினைவை நாம் பிடித்து வளைத்தும் விடலாம். அதனால் அவன் காதோடு குனிந்தேன், திசையைப் பற்றிக் கேட்கவில்லை.

"சூசை ஏன் எழும்பினவன்?"

கஜன் தலையைக் குனிந்தான். உயிர்காப்பு அங்கிக்குள் கையை விட்டு, நனைந்து கசங்கிய ஒரு தாளை எடுத்தான். ஏழாம் கட்டம்.

"நான்தான் ஐயா காட்டினனான். 'அண்ணை, கட்டத்தில நீங்கள் முன்னுக்கெல்லோ இருக்கிறியள்' எண்டனான். அவர் சிரிச்சவர். 'சந்தியோகு அண்ணை கீறினா அதில ஏதும் இருக்கும்' எண்டுபோட்டு எழும்பினவர். முன்னுக்கு வரத்தான் எழும்பினவர். அப்பதான் வள்ளம் சரிஞ்சது."

முன்னுக்கு வர எழும்பியவன் பின்னால்தான் இருந்திருக்க வேண்டும். அதற்கு மேல் எனக்குச் சாட்சி தேவைப்படவில்லை.

அந்தத் தாளை நான் மடித்து என் சட்டைப்பைக்குள் வைத்திருக்கலாம். கேட்டது நானும் ஸஹ்ராவும் மட்டும். ஆனால் காரணத்தைச் சொல்லாமல் பீரிஸை நம்ப வைக்க வழியில்லை. பிலோமினாவுக்கு முன்னாலேயே தாளை விரித்தேன்.

"இதைப் பாருங்கோ பீரிஸ். இது பிழையான கட்டம். பிழையெண்டு தெரிஞ்சுகொண்டே நான் விட்டனான். இதைப் பாத்துத்தான் சூசை எழும்பினவன். எழும்பினது எஞ்சினடியில இருந்து. திருப்புங்கோ."

பீரிஸ் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். என்னைத் திட்டப் போகிறார் என்று நின்றேன். அவர் கைபேசியை எடுத்தார். "திரும்புங்கோடா. தலைமன்னார்ப் பக்கம். ஓம், ஓம், நான்தான் சொல்றன், திரும்பு!"

அவர் கடற்படைக்கும் திசையை மாற்றிச் சொல்ல, நான்காவது வள்ளத்தில் நானும் ஏறினேன். "வயசென்ன உங்களுக்கு?" என்று பீரிஸ் கத்தினார். "கண்ணுக்கு வயசில்லை" என்று நானும் கத்தினேன்.

கடலைப் பற்றி உங்களுக்கு எழுதிக் காட்ட எனக்குப் படிப்புப் போதாது. கட்டத்துக்குள் கீறும்போது கடல் ஒரு கோடு. அதன் மேல் நின்று ஒரு மனிதத் தலையைத் தேடும்போது அதற்கு ஓரமே இல்லை. ஒவ்வொரு அலையும் ஒரு தலை போல எழும்பி, பிறகு தண்ணீராகிறது. கமராவை எங்கே வைப்பது என்று எண்ணிப் பழகிய மூளை எனக்கு. அங்கே வைக்க இடமில்லை. எங்கு பார்த்தாலும் ஒரே அளவு. என் ஆயுளில் இவ்வளவு பெரிய ஒன்றை நான் கண்டதில்லை. அதன் விளிம்பில்தான் அறுபத்தெட்டு வருடம் வாழ்ந்திருக்கிறேன்.

மத்தியானம் சாய்ந்தபோது, திரும்பி வந்து எங்களை முந்திப் போன வள்ளம் நின்றது. யாரோ போட்டிருந்த வலையின் மிதவைகள் தெரிந்தன. அதில் ஒன்றுக்குக் குறுக்கே ஒரு கை கிடந்தது. கை அசைந்தது.

நாங்கள் கிட்டப் போகும்போது சூசையை மேலே இழுத்துவிட்டார்கள். உதடு வெளிறி, தோல் ஊறிப் போயிருந்தது. விழுந்தவன் நீந்தி அந்த வலையைப் பிடித்து, அதையே கட்டிப் பிடித்துக்கொண்டு கிடந்திருக்கிறான். தண்ணீர் பருக்கினோம். கண்ணைத் திறந்து என்னைக் கண்டான்.

"வந்திட்டியளோ அண்ணை?" குரல் காற்றாகத்தான் வந்தது. "இனி நான் எங்க இருக்க? முன்னுக்கோ, பின்னுக்கோ?"

வள்ளத்தில் இருந்தவர்கள் எல்லாம் சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே அழுதார்கள். நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டு இருந்தேன். விட மனம் வரவில்லை.

தம்பி தங்கச்சிமாரே, இந்தக் கதையைக் கேட்டுவிட்டு மென்பொருளை மூடி வைக்கச் சொல்கிறேன் என்று நினைக்காதீர்கள். நான் இன்றும் அதற்கு முன்னால் வாய் திறந்துதான் இருக்கிறேன். அன்று கஜனின் வாயைத் திறந்ததும் அதுதான். சரியாகக் கேட்ட எங்கள் கேள்விகளுக்கு அவனிடம் பதில் வரவில்லை. பிழையான ஒரு படத்தைக் கண்டதும் வந்தது. மனிதன் தான் கண்டதைச் சொல்லத் தெரியாமல் திணறுவான். காணாததைக் காட்டினால் உடனே "இப்பிடி இல்லை" என்பான். இதை நான் அன்று மணலில்தான் கற்றேன். அதனால் முதல் கட்டங்கள் வந்ததும், அந்தத் தொழிலைச் செய்கிற ஆளுக்குக் காட்டுங்கள். வள்ளமென்றால் வள்ளக்காரனுக்கு. வயலென்றால் அடம்பன் பக்கம் போய் வயல்காரனுக்கு. அவன் எங்கே நெற்றியைச் சுருக்குகிறான் என்று பாருங்கள். மென்பொருள் உலகத்திலுள்ள வள்ளங்களையெல்லாம் பார்த்திருக்கும். சூசையின் வள்ளத்தைப் பார்த்ததில்லை. வடிவாக வந்திருக்கிறது என்பதற்காக ஒரு கட்டத்தையும் விடாதீர்கள். வடிவான பிழையைத்தான் ஆட்கள் அப்படியே நம்பிச் செய்கிறார்கள்.

படம் முடிந்துவிட்டது. சூசை பின்னால், எஞ்சினடியில் இருந்து நடித்தான்; கஜன் மறுபடியும் கடலுக்குப் போனான், இந்த முறை அங்கி இரண்டு. போன கிழமை ஸஹ்ரா படத்தின் முடிவில் ஓடப்போகும் பெயர்களை எனக்கு அனுப்பியிருந்தாள். வாசித்தேன். "ஸ்டோரிபோர்ட்" என்ற இடத்தில் மென்பொருளின் பெயர். என் பெயர் கீழே, "நன்றி" என்ற தலைப்புக்குள், சாப்பாடு சமைத்துத் தந்தவர்களுக்கும் போக்குவரத்துக்கு வான் தந்தவருக்கும் நடுவில்.

உடனே போன் எடுத்தேன்.

"அங்கிள், உங்களுக்காகத்தான் அப்பிடிப் போட்டனான்" என்றாள். "ஏழாம் கட்டக் கதை ஊரெல்லாம் தெரியும். உங்கட பேரை அதில போட்டா ஆக்கள் உங்களைத்தான் கதைப்பினம். மெசின் எண்டா ஒருத்தரும் ஒண்டும் சொல்லமாட்டினம்."

நல்ல பிள்ளை. என்னைக் காப்பாற்றத்தான் பார்த்தாள். ஆனால் நான் அவளுக்குச் சொன்னதையே உங்கள் எல்லோருக்கும் முன்னால் எழுதி வைக்கிறேன்.

மெசினை யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள் என்றால், அது அந்த இடத்தில் இருக்கக்கூடாது. பிலோமினா "வடிவா யோசிச்சுச் சொல்லுங்கோ" என்று அதனிடம் கேட்கவில்லை. என்னிடம் கேட்டாள். சூசை "சந்தியோகு அண்ணை கீறினா" என்று நம்பித்தான் எழும்பினான். ஏழாம் கட்டத்தைச் சரி என்று விட்டது நான். அதே பிழை மறுபடி வந்தபோது பிடித்து, மூன்று வள்ளத்தைத் திருப்பியதும் நான். ஒன்றை எடுத்துக்கொண்டு மற்றதைத் தள்ள நான் ஆளில்லை, இரண்டும் என்னுடையவை. எடுங்கள் அந்த நன்றியை. சோறு தந்தவர்களுக்கு அது இருக்கட்டும்.

ஸ்டோரிபோர்ட்: மரியான் சந்தியோகு. அப்படிப் போடு பிள்ளை.